இத்தா நாட்களில் ரோபோ

ரூபினா இத்தாவில் இருந்த மாதங்களில் காலடிப்பேட்டை வீட்டின் உள்ளறையிலிருந்து ஒரு ரோபோவை ஓட்டினாள். ரோபோ அந்த வீட்டில் இல்லை. அது பொன்னேரி ரோட்டில், ஆண்டார்குப்பம் தாண்டியிருந்த ஒரு பொறியியல் கல்லூரியின் சோதனைக்கூடத்தில், மஞ்சள் கம்பிவலைக்குள் நின்றது. அவளுடைய லேப்டாப்பில் இருந்தது அதன் நகல். அதே உயரம், அதே ஆறு மூட்டுகள், அதே மேஜை. நகலில் எழுதிப் பார்த்த அசைவுகளைக் கல்லூரிக்கு அனுப்புவாள். அங்கே அது அப்படியே அசையும்.

கணவன் உபைதுல்லா காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் கண்டெய்னர் யார்டில் செக்கர். ஜூலையில் ஒரு நாள், காலை ஷிப்டில், கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. டாக்டர் இதயம் என்றார். வயது முப்பத்து நான்கு. போன் வந்தபோது ரூபினா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மிச்சத் துணியையும் கொடியில் போட்டுவிட்டுத்தான் கீழே இறங்கினாள். அதை எதிர்வீட்டில் யாரோ பார்த்திருக்கிறார்கள். பிறகு அது தெருவில் பேச்சாக இருந்தது. பேசியது உண்மைதான். ஈரத்துணியை வாளியிலேயே விட்டால் நாறும் என்றுதான் அப்போது தோன்றியது.

கணவன் இறந்தால் பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும், அதுதான் இத்தா. வெள்ளை உடுத்திக்கொள்கிறார்கள். பூ, அத்தர், வளையல் கிடையாது. ரூபினாவுக்கு உள்ளறையை ஒழித்துக் கொடுத்தார்கள். ஒரு கட்டில், ஒரு ஃபேன், ரயில்வே லைன் பக்கம் பார்க்கும் ஒரு ஜன்னல். பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர்கள் அழுது முடிக்கும்வரை கையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவள் தண்டையார்பேட்டைப் பெண். அப்பா சௌக்கத் அலி இயந்திர மூட்டுகளை அடைக்கும் கேஸ்கட் வெட்டும் கடை வைத்திருந்தார். பி.இ. மெக்கானிக்கல் முடித்து, திருவொற்றியூரில் ரப்பர் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். வளையம் வளையமாகக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, பெட்டியில் போட வேண்டும். கல்யாணம் ஆனது. முதுகலையில் சேர்ந்தாள். படிப்பின் பெயர் நீளமானது: ஸ்மார்ட் மேனுஃபாக்சரிங், இண்டஸ்ட்ரியல் ரோபோடிக்ஸ். வீட்டில் ரோபோ படிப்பு என்றார்கள். இடையில் ஒரு வருடம் வேலைக்காக விட்டாள். திரும்பச் சேர்ந்தாள். உபைதுல்லா தடுக்கவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. "படிக்கறதுன்னா படி. என்னை உக்கார வெச்சி பாடம் நடத்தாத, தூக்கம் வருது," என்றான். அவ்வளவுதான் அதைப் பற்றி அவன் சொன்னது.

பாடங்கள் முடிந்துவிட்டன. ப்ராஜெக்ட் மட்டும் பாக்கி. தட்டில் கிடக்கும் ரப்பர் வளையங்களை ரோபோ ஒவ்வொன்றாக எடுத்து, மேஜைமேல் பொருத்தியிருக்கும் இரும்பு பிளேட்டின் குச்சிகளில் மாட்ட வேண்டும். இந்த செமஸ்டருக்குள் தேர்வாளர் முன்னால் ஓட்டிக் காட்டவில்லை என்றால் கால வரம்பு முடிந்து பதிவு ரத்தாகிவிடும். படித்தது அத்தனையும் கணக்கில் இல்லாமல் போகும்.

இதைச் சொல்ல ஹெப்சிபா வந்தாள். உடன் படிப்பவள், வயதில் சிறியவள். அவள் அப்பாவுக்குத் தண்டையார்பேட்டை ஹை ரோட்டில் பைப் கடை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பாலிதீன் பையோடு உள்ளறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்த மாதிரி வீட்டுக்கு வந்து என்ன பேசணும்னு எனக்குத் தெரியாது. பன் வாங்கிட்டு வந்தேன்."

"வெய்யி."

"சாப்பிடலாம்ல? இத்தாவுல பன்னு சாப்பிடக்கூடாதுன்னு எதுனா இருக்கா?"

மாமியார் ரசூல் பீவி கதவருகே நின்றிருந்தார். "பன்னு இன்னா பாவம் செஞ்சிது? இங்க குடு," என்று வாங்கிக்கொண்டு போனார்.

ஹெப்சிபா குரலைத் தாழ்த்தினாள். "பாலகணேஷ் சார்கிட்ட பேசிட்டேன். நீங்க வீட்டுலருந்தே ப்ரோக்ராம் பண்ணுங்க. நான் லேப்ல ஓட்டறேன். தேர்வாளர் வீடியோவுல பாத்துக்கறேன்னு ஒத்துக்கினாராம்."

"சரி."

"பண்றீங்களா?"

"பண்றேன்."

"உங்களுக்கு முடியலன்னா..."

"பண்றேன்னு சொல்றேன்ல."

அப்படித்தான் தொடங்கியது. காலையில் தொழுதுவிட்டு லேப்டாப்பைத் திறப்பாள். திரையில் ரோபோவின் ஆரஞ்சு நிறக் கை குனியும், வளையத்தை எடுக்கும், நிமிரும், மாட்டும். எழுதிய வரிகளை மாற்றுவாள். கை மறுபடி குனியும். சாப்பாடு வரும், சாப்பிடுவாள். பெண்கள் வந்தால் மூடிவைப்பாள். போனபின் திறப்பாள். அதில் ஆர்வம் இருந்தது என்று சொல்ல முடியாது. வேலை இருந்தது, செய்தாள். அடுத்த அசைவு என்ன என்பது எப்போதும் தெரிந்தது. அதைத் தவிர அந்த அறையில் வேறெதற்கும் அடுத்தது என்னவென்று தெரியவில்லை.

அதே வீட்டில் நாத்தனார் பதுருன்னிசாவும் இருந்தாள். உபைதுல்லாவின் அக்கா. கணவன் சவூதியில். தம்பியின் சட்டைகளை எல்லாம் அவள்தான் மடித்து எடுத்து வைத்தாள். அவள் அழுவது மாடிப்படிவரை கேட்கும். ரூபினாவின் அறையில் கீபோர்டு சத்தம் கேட்டால் அவளுக்குத் தாங்காது.

"எந் தம்பி கபர்ல கெடக்கறான். இவ வூட்டுக்குள்ள பொம்ம ஓட்டிகினு கீறா," என்றாள், அம்மாவிடம், ரூபினாவுக்குக் கேட்கும்படி.

"அது படிப்பு பதுரு."

"ஒரு சொட்டு தண்ணி வந்துச்சா கண்ணுலருந்து? பொணத்த எடுக்கசொல்லோ செவத்தப் பாத்துகினு நின்னாளே."

"அழுதாதான் துக்கமா? நீ அழுதுகினே ரெண்டு தட்டு பிரியாணி துன்ன. நான் எதுனா கேட்டனா?"

உள்ளே ரூபினா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாத்தனார் சொன்னதில் தவறு எதுவும் இருப்பதாக அவளுக்குப் படவில்லை. சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரில் ஒரு ஆணி இருந்தது.

செப்டம்பர் முழுக்கப் பிசகில்லாமல் போனது. வாரம் ஒருமுறை ஹெப்சிபா லேபிலிருந்து போன் செய்வாள். திரையில் பார்த்த அசைவையே போனில் நிஜ ரோபோ செய்துகாட்டும். ஒரு வளையம், இரண்டு வளையம், ஒரு வரிசை. தேர்வாளருக்குக் காட்டும் நாளும் அக்டோபரில் குறித்தாயிற்று. அதற்குமுன் ஒத்திகை ஒன்று பார்த்துவிடலாம் என்றார் ப்ராஜெக்ட் கைடு பாலகணேஷ். பூஜை லீவு முடிந்த மறுநாள் ஹெப்சிபா வீடியோவில் அழைத்தாள்.

ரோபோவின் தோளில் சாமந்தி மாலை வாடிக் கிடந்தது. கன்ட்ரோல் பெட்டியில் சந்தனமும் குங்குமமும். கம்பிவலைக் கதவில் வாழைக்கன்று கட்டியிருந்தது. எல்லாப் பட்டறையிலும் ஆயுத பூஜைக்குச் செய்வதுதான்.

"மாலைய எடுத்துடு. சிக்கும்," என்றாள் ரூபினா.

"எடுத்துட்டேன்க்கா. ஓட்டட்டா?"

"ஓட்டு."

கை குனிந்தது. வளையத்தை எடுத்தது. நிமிர்ந்து, திரும்பி, பிளேட்டை நோக்கி இறங்கியது. குச்சிக்குப் பக்கத்தில் இறங்கியது. ஒரு சத்தம் கேட்டது. போனில் அது பெரிய சத்தமாக இல்லை, தட்டு கீழே விழுந்த மாதிரி. ரோபோ தானாக நின்றது. வளையத்தைப் பிடித்திருந்த இரண்டு விரல்களில் ஒன்று ஒடிந்து தொங்கியது.

"அக்கா," என்றாள் ஹெப்சிபா.

லேப் டெக்னீஷியன் அய்யாத்துரை போனுக்கு அருகில் வந்தார். "நான் ஒண்ணும் பண்ணலம்மா. பூஜைக்கு நல்லா தொடச்சிதான் வெச்சேன். பிளேட்டக் கழட்டி, அடியில இருந்த கிரீஸெல்லாம் எடுத்து..."

"பிளேட்டக் கழட்டினீங்களா?"

"திரும்ப மாட்டிட்டேனே."

"அதே எடத்துலயா அண்ணே?"

"அதே போல்ட்டு, அதே ஓட்டை."

ஓட்டைகள் நீளவாக்கில் இருக்கும். பிளேட்டை முன்னே பின்னே தள்ளிவைக்க வசதியாக அப்படி வெட்டுவார்கள். அய்யாத்துரை மாட்டியபோது பிளேட் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துவிட்டது. பிளேட் எங்கே இருக்கிறது என்று ரோபோவுக்குச் சொல்ல, அதன் கையில் ஒரு கூர்முனையை மாட்டி, பிளேட்டின் மூன்று மூலைகளைத் தொட்டுக் காட்ட வேண்டும். பிளேட்டை அசைத்தால் மறுபடி தொட வேண்டும். ஹெப்சிபா கடைசியாகத் தொட்டது போன மாதம். பூஜைக்குப் பிறகு தொடவில்லை. தொடச் சொல்ல வேண்டும் என்று ரூபினாவுக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு வருடமும் பூஜைக்குக் கழற்றித் துடைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். போன வருடம் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றதே அவள்தான்.

மறுநாள் பாலகணேஷ் சார் பேசினார். பேச்சில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "விரல் மாத்திடலாம்மா, அது பெரிய விஷயம் இல்ல. தேர்வாளர்தான் இப்ப வீடியோ வேணாம்ங்கறார். இடிச்ச மெஷினை போன்ல பாத்துட்டு எப்படிக் கையெழுத்துப் போடறதுன்னு கேக்கறார். நேர்ல வந்து நீங்களே அந்த மூணு புள்ளியும் தொட்டு ஓட்டிக் காட்டணும். தேதி மாத்த முடியாது. உங்களால வர முடியுமா?"

"இத்தா முடிய இன்னும் நாள் இருக்கு சார்."

"எனக்குத் தெரியும்மா. அதான் கேக்கறேன்."

ரசூல் பீவி அன்றே ஹஜ்ரத்துக்குப் போன் போட்டார். பள்ளிவாசல் இமாம், மெதுவாகப் பேசுபவர். போனை ஸ்பீக்கரில் வைத்துத் தரையில் வைத்தார்கள். பதுருன்னிசா கதவில் சாய்ந்து நின்றாள்.

"பகல்ல, அவசியத்துக்கு வெளிய போய் வரலாம்னு சொல்லியிருக்காங்க," என்றார் ஹஜ்ரத். "ராத்திரி தன் வூட்டுல இருக்கணும். அலங்காரம் இல்லாம, போன வேலைய முடிச்சிட்டு வந்துடணும்."

"இது அவசியம்தானே ஹஜ்ரத்?"

"அத நான் எப்படிம்மா சொல்றது? அவசியமா இல்லியான்னு அந்தப் பொண்ணுக்குத்தான் தெரியும். அதுங்கிட்ட கேளுங்க."

போன் அணைந்தது.

"கேட்டல்ல," என்றார் ரசூல் பீவி. "அவசியம்னா சொல்லு, போலாம். இல்லன்னா வுட்டுடு. நீதான் சொல்லணும்."

அந்தப் பட்டம் வேண்டுமா என்று ரூபினா தன்னைக் கேட்டுப் பார்த்தாள். வேண்டும் என்றும் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. உபைதுல்லா வேண்டுமா என்று கேட்டாலும் அப்போது அப்படித்தான் இருந்திருக்கும்.

"இன்னா மாமி சொல்றது," என்றாள்.

"பாத்தியா," என்றாள் பதுருன்னிசா. "அவளுக்கே தெரில. அவசியம்னா பட்டுன்னு வரும் வாயில."

அதன் பிறகு யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பாலகணேஷ் சாருக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கியது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. ரூபினா வழக்கம்போல லேப்டாப்பைத் திறந்தாள். ஆரஞ்சுக் கை குனிந்தது, எடுத்தது, மாட்டியது. ஒரு வளையம்கூடத் தவறவில்லை. பிளேட் நகர்ந்தது அதற்குத் தெரியாது. அதன் உலகத்தில் பிளேட் பழைய இடத்திலேயே இருந்தது. மத்தியானம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க ஒருவித அருவருப்பு வந்தது. பல வாரங்களில் அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். அது நல்ல உணர்ச்சியாக இல்லை.

எழுந்து சமையலறைக்குப் போனாள். ரசூல் பீவி மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"போவணும் மாமி."

"அவசியமா?"

"பிளேட் நகந்துகீது. எவ்ளோ நகந்துச்சின்னு போய் தொட்டாத்தான் தெரியும்."

"பிளேட்டா?" என்றது பதுருன்னிசாவின் குரல், பின்னாலிருந்து. "பட்டம்னு சொன்னாகூடப் புரியும். ஒரு இரும்புத் தகடுக்காவ இத்தாவ வுட்டு போவாளா ஒருத்தி?"

ரசூல் பீவி கையை உதறினார். "எங்க வூட்டுக்காரு மௌத்தானப்ப ஒபைத ஸ்கூல்ல சேக்கணும். யார் யாரோ இன்னா இன்னாவோ சொன்னாங்க. நான் வெளிய போவல. இத்தா முடிஞ்சி போய் நின்னா, அட்மிஷன் முடிஞ்சிடுச்சின்னுட்டான். ஒரு வருசம் புள்ளைய வூட்டுலயே வெச்சிகினு இருந்தேன். அவசியம் இன்னான்னு கேட்டா எனக்கும் அப்ப சொல்லத் தெரில." மீனைத் திருப்பிப் போட்டார். "தகடோ எதுவோ. அது வாய்லருந்து வந்திச்சில்ல. வுடு."

குறித்த நாளன்று மழை இல்லை. தெருவில் ஆட்டோ ஓட்டும் தவ்ஃபீக், ரசூல் பீவியின் தங்கை மகன், வாசலில் வண்டியை நிறுத்தினான். ரூபினா புர்காவில் ஏறினாள். அத்தனை நாள் கழித்து வெயில் கண்ணில் பட்டது. கூசியது, அவ்வளவுதான்.

"பெரிம்மா, ரோபோ வந்தா ஆட்டோவும் அதுவே ஓட்டுமா?" என்றான் தவ்ஃபீக், மணலி தாண்டும்போது.

"ஓட்டுனா ஒழுங்கா பிரேக் புடிக்கும்," என்றார் ரசூல் பீவி.

"அப்ப எங்க கதி?"

"நீ பின்னால குந்திகினு இதே மாதிரி பேசிகினு வா."

லேபில் மாலையை எடுத்திருந்தார்கள். சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. தேர்வாளர் ஐம்பது வயதுக்காரர், வேறு ஊரிலிருந்து வந்தவர். மாலையில் இன்னொரு கல்லூரிக்குப் போக வேண்டும் என்று முதலிலேயே சொன்னார். ரசூல் பீவிக்கு வலைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள்.

ரூபினா வலைக்குள் போனாள். ரோபோவைக் கையால் நடத்தும் கருவி கனமானது, சிலேட்டு மாதிரி, ஒரு கேபிளோடு. அதன் முதுகில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். இடது கை விரல்களால் அதை மெதுவாக அழுத்திப் பிடித்தால்தான் ரோபோ நகரும். விட்டுவிட்டால் நிற்கும். இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். ஆபத்தில் சிலர் கையை விட்டுவிடுவார்கள், சிலர் இறுக்கிவிடுவார்கள். இரண்டிலும் ரோபோ நிற்கட்டும் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள்.

அவள் அழுத்தினாள். ரோபோவின் கை ஓர் அங்குலம் நகர்ந்தது. டக் என்று நின்றது. விட்டு மறுபடி அழுத்தினாள். டக். மறுபடி. டக்.

"என்னம்மா, இதுக்கு முன்னாடி பிடிச்சதில்லையா?" என்றார் தேர்வாளர்.

"ரெண்டு வருஷமா இவங்கதான் சார் ஓட்டறாங்க," என்றார் பாலகணேஷ்.

"அப்படித் தெரியலையே."

ரூபினா தன் இடது கையைப் பார்த்தாள். விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறோம் என்பது அவளுக்குக் கண்ணால் பார்த்தபோதுதான் தெரிந்தது. மெதுவாகப் பிடி என்று கைக்குச் சொன்னாள். கை முழுக்க விட்டுவிட்டது. பிடி என்றாள். இறுக்கியது. நடுவில் அது நிற்கவில்லை.

"கைய உதறுங்கம்மா," என்றார் அய்யாத்துரை.

உதறிவிட்டு அழுத்தினாள். டக்.

"ரூபி, வெளிய வா," என்றார் ரசூல் பீவி நாற்காலியிலிருந்து.

"அம்மா, டெமோ நடக்குது, நீங்க பேசக்கூடாது," என்றார் தேர்வாளர்.

"நான் ரோபோவப் பத்தி இன்னா பேசினேன்? எம் மருமவளக் கூப்டேன்."

தேர்வாளர் சாப்பிடப் போனார். போகுமுன், வந்து இன்னொருமுறை பார்ப்பதாகவும், அப்போதும் இல்லையென்றால் இல்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கும் என்றும் பாலகணேஷிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது.

ஹெப்சிபா அவளைக் குழாயடிக்கு அழைத்துப் போனாள். தண்ணீரைத் திறந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நீட்டிவிட்டாள். "வலிக்குதா அக்கா?"

"தெரில."

"பிடிச்சா இப்படி ஆயிடுதா? எப்பலருந்து?"

"தெரில ஹெப்சி. வூட்டுல எதையும் பிடிக்கவே இல்ல."

மத்தியானத் தொழுகையான லுஹரை முடித்துவிட்டு மறுபடி வலைக்குள் போனாள். அவள் கை அப்படியேதான் இருந்தது. அழுத்தினாள், ஒரு நூல் நகர்ந்தது, டக். விட்டாள். அழுத்தினாள், ஒரு நூல், டக். இந்த முறை அவள் அதைச் சரிசெய்ய முயலவில்லை. இறுகி நிற்பதற்கு முன் கிடைக்கும் அந்த ஒரு நூலை மட்டும் எடுத்துக்கொண்டாள். கூர்முனை விட்டு விட்டு, குதித்துக் குதித்து, பிளேட்டின் முதல் மூலையை நோக்கிப் போனது. பார்க்கச் சகிக்காத ஓட்டம். தேர்வாளர் வாட்சைப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு வாட்சைப் பார்ப்பதை விட்டுவிட்டார். சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் புள்ளி தொட்டது. இரண்டாவதற்கு அதைவிட நேரமானது. மூன்றாவதைத் தொட்டபோது ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது.

கருவியை வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். ரோபோவைத் தானாக ஓட விட்டாள். அது குனிந்தது, எடுத்தது, நிமிர்ந்தது, மாட்டியது. கடைசி வளையம்வரை ஒன்றும் இடிக்கவில்லை.

"ஒரு கேள்வி," என்றார் தேர்வாளர். "கம்ப்யூட்டர்ல நகல் வெச்சிருக்கீங்க. பிளேட் நகர்ந்தது அதுக்கு ஏன் தெரியல?"

"மேல ஒரு கேமரா வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும் சார்."

"ஏன் வெக்கல?"

"நகராதுன்னு நெனச்சேன்."

அவர் அவளைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். பாலகணேஷ் சார் வாழ்த்துச் சொன்னார். ஹெப்சிபா கட்டிப்பிடித்தாள். ரூபினா எல்லோருக்கும் நன்றி சொன்னாள். சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுக் கிளம்பினார்கள்.

"இது இன்னாத்துக்கு எடுத்த எடத்துலயே திரும்பத் திரும்ப சுத்திகினு கீது?" என்று ரசூல் பீவி ஆட்டோவில் கேட்டார். "சலிக்காதா அதுக்கு?"

"சலிக்காது மாமி."

பொன்னேரி ரோட்டில் டிரெய்லர்கள் நின்றன. துறைமுகத்துக்குப் போகிற வரிசை, ஒன்றன்பின் ஒன்றாக, அசைவே இல்லை. டிரைவர்கள் கீழே இறங்கி நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். தவ்ஃபீக் ஓரமாக நுழைந்து பார்த்தான். ஒரு குழியில் சக்கரம் இறங்கியது. இறங்கித் தள்ளினார்கள். மறுபடி நின்றது. ரசூல் பீவி வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சாத்தங்காடு வரும்போது எங்கிருந்தோ மக்ரிப் பாங்கு கேட்டது, பொழுது சாய்ந்துவிட்டது. தவ்ஃபீக் ரேடியோவை நிறுத்தினான்.

வீடு சேர்ந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பதுருன்னிசா வாசலில் நின்றாள். எதிர்வீட்டு மாடியில் இரண்டு பேர் நின்றார்கள்.

"என்னாலதான் லேட்டு," என்றார் ரசூல் பீவி, ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே. "எனக்குத் தலை சுத்திச்சி. அங்கயே கொஞ்ச நேரம் படுத்துட்டேன்."

பதுருன்னிசா அம்மாவைப் பார்க்கவில்லை. "போன வேல ஆச்சா?" என்றாள் ரூபினாவிடம். அவள் குரலில் இருந்தது கோபம்தானா என்று சொல்ல முடியவில்லை.

"ஆச்சிக்கா. மாமிக்கு ஒண்ணும் இல்ல. என்னாலதான் லேட்டு. கை வரல."

"கை வரலன்னா?"

ரூபினா சொல்லப் பார்த்தாள். மெதுவாகப் பிடிக்க வேண்டும், ஆனால் பிடித்தால் இறுகிவிடுகிறது, விட்டால் மொத்தமாக விட்டுவிடுகிறது என்றாள். பதுருன்னிசாவுக்குப் புரியவில்லை. உள்ளே வந்து படியில் உட்கார்ந்தார்கள். பதுருன்னிசா தன் கையை நீட்டினாள்.

"புடிச்சிக் காட்டு. எப்படிதான் புடிச்சன்னு பாப்போம்."

ரூபினா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இடது கையால், நான்கு விரலும் கட்டைவிரலும் சேர. மெதுவாகத்தான் வைத்தாள். பிறகு இறுகியது.

"யா அல்லாஹ். வலிக்குதுடீ, வுடு."

ரூபினா விடப் பார்த்தாள். விரல்கள் திறக்கவில்லை. பதுருன்னிசா கையை இழுத்தாள். அவளைப் பார்த்தாள். பிறகு இழுப்பதை விட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.